ஆயுள், மாத்திரை, ஆஸ்பத்திரி: எங்கள் கடற்கரையில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

உச்சிப்புளிக்கும் பாம்பனுக்கும் நடுவே உள்ள ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பேருந்தில், கல்யாண வீட்டில், மீன் ஏலம் போடும் இடத்தில் என்று எங்கே பார்த்தாலும் ஆட்கள் இன்னும் நிறுத்திக் கேட்கிறார்கள். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் வாட்ஸப்பில் குரல்பதிவு அனுப்பிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் எழுதி வைக்கிறேன். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, குறைப்பது மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

"அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு இருந்தாக. இப்ப அறுபதுலயே போயிடுறாகளே, ஏன்?"

எல்லாரும் இருக்கவில்லை. நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இப்போது 70 வயதை ஒட்டி இருக்கிறது. முப்பத்திரண்டு என்றால் எல்லாரும் முப்பத்திரண்டில் இறந்தார்கள் என்று பொருள் இல்லை. பிறந்த வருடத்திலேயே போன குழந்தைகள், பிரசவத்தில் போன தாய்கள், காலராவிலும் அம்மையிலும் போனவர்கள் என்று எல்லாரையும் சேர்த்து வரும் கணக்கு அது. நான் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகும்போது வயதான பெண்களிடம் எத்தனை பிள்ளை என்று கேட்பேன். "பத்துப் பெத்தேன், நாலு நின்னுச்சு" என்பார்கள். அந்த ஆறு பேரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நின்றவர்களில் எண்பதைத் தொட்ட ஒருவரை வைத்து அந்தக் காலத்தையே அளக்கிறோம்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஓர் உண்மையும் இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நாற்பதிலேயே வருவதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

"எங்க ஊர்ல 110 வயசுப் பாட்டி இருக்காக. நெசமா?"

வயது நிரூபிக்கப்பட்டவர்களில் உலகிலேயே அதிக நாள் வாழ்ந்தவர் பிரான்சைச் சேர்ந்த ழான் கால்மான். 1997-ல் இறந்தபோது அவருக்கு 122 வயது. அவருடைய பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாம் இருந்தன. நம் பாட்டிகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நாடு முழுவதுக்கும் ஒரே மாதிரியான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1969-ல்தான். ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் எழுத வந்தவர் கேட்ட அன்று வாயில் வந்ததே வயது. பதிவு ஒழுங்காக இருக்கும் ஜப்பானிலேயே 2010-ல் சரிபார்த்தபோது, நூறு வயதைக் கடந்ததாகக் குடும்பப் பதிவேட்டில் இருந்த 2 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எங்கே என்றே தெரியவில்லை. பலர் எப்போதோ இறந்துபோய், பேர் மட்டும் ஏட்டில் இருந்தது.

நம் பக்கம் வயது கண்டுபிடிக்க நல்ல வழி புயல்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, கையில் எத்தனை பிள்ளை என்று கேட்பேன். "மூத்தவன் வயித்துல" என்று பாட்டி சொன்னால், அவருக்கு இப்போது எண்பதைச் சுற்றித்தான் இருக்கும், 110 இல்லை. வயதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் கணக்கிடும்போது வயதையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். வயதைத் தப்பாகக் கொடுத்தால் கணக்கும் தப்பாக வரும்.

"எங்க அய்யா பீடி குடிச்சே 92 வரைக்கும் இருந்தாரு. அப்ப பீடி என்ன செய்யும்?"

கரைக்குத் திரும்பிய படகை மட்டும் எண்ணிவிட்டுக் கடலில் ஆபத்தே இல்லை என்று சொல்வோமா? உங்கள் அய்யாவோடு பீடி குடித்த கூட்டாளிகள் எத்தனை பேர் தொண்ணூறைப் பார்த்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிரிட்டனில் 1951-ல் தொடங்கி 50 ஆண்டுகள் ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். அதே ஆய்வில், அறுபது வயதில் விட்டவர்களுக்குக்கூட மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் விட்டவர்களுக்கு ஆறு ஆண்டு. "இனிமே விட்டு என்ன ஆகப் போகுது" என்று சொல்கிறவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

"கருப்பட்டி நம்ம பனையில வர்ற பொருள். சுகர் உள்ளவங்க சாப்பிடலாம்தானே?"

இந்தப் பதிலைச் சொன்னால் பனைத் தொழில் செய்யும் சாயல்குடிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு என் மேல் கோபம் வரும். இருந்தாலும் சொல்கிறேன். கருப்பட்டியில் பெரும்பகுதி வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, ருசியும் மணமும் உண்டு. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் பெரிய வேறுபாடு இல்லை. பதநீருக்கும் இதே பதில். இளநுங்கு அளவாகச் சாப்பிட்டால் பாதகமில்லை. சீனி போட்டு ஒரு டம்ளர் காப்பி குடித்தவர், கருப்பட்டிதானே என்று மூன்று டம்ளர் குடிப்பதுதான் நான் கண்ட ஆபத்து. கேழ்வரகு, கம்பு, தேன் என்று கேட்கிறவர்களும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். பேரை விட அளவு முக்கியம்.

"இந்துப்புக்கு மாறிட்டோம். இனிமே கருவாடு தின்னலாமா?"

இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். விலை கூட, அயோடின் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு என்கிறது. எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள். சோற்றில் போட்டது, குழம்பில் போட்டது, ஊறுகாய், அப்பளம் எல்லாம் இதில் அடக்கம். கருவாட்டுத் துண்டு ஒன்றே இதில் பெரிய பங்கை எடுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாரம் ஒரு நாள் என்று குறைத்து, சமைக்கும் முன் வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்துக் கழுவுங்கள். அன்றைய குழம்பில் தனியாக உப்புப் போட வேண்டாம். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

"தினம் மீன் சாப்பிடுற நமக்கு மாரடைப்பு வராதாமே?"

வரும். சாளை, நெத்திலி, சூடை மாதிரி மலிவான மீன்களில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு இருப்பது உண்மைதான். அதைக் குழம்பாக வைத்துச் சாப்பிடுவது நல்ல பழக்கம். ஆனால் எண்ணெயில் முறுகப் பொரித்து, கூடவே பீடியும் உப்பும் சேர்ந்தால் மீன் மட்டும் காப்பாற்றாது.

"பிரஷர் மாத்திரையை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாம், கிட்னியும் போயிடுமாம். அதான் போடல."

நான் கேட்டதிலேயே அதிக ஆட்களைப் படுக்கையில் தள்ளிய நம்பிக்கை இதுதான். மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் எந்த ஊருக்குப் போனாலும் இதைச் சொல்ல ஆள் இருக்கும். நடப்பது நேர்மாறானது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத ரத்த அழுத்தமும் கட்டுப்படாத சர்க்கரையும். மாத்திரை அதைத் தடுப்பதற்குத்தான்.

பிறகு ஏன் இப்படி ஒரு பேச்சு? சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மினை, சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் தளர்ந்ததும் மருத்துவரே குறைப்பார் அல்லது நிறுத்துவார். தளர்ந்த சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது என்பது காரணம். வீட்டில் உள்ளவர்கள் பார்ப்பது என்ன? பத்து வருடம் மாத்திரை சாப்பிட்டார், கிட்னி போச்சு, டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்போது மாத்திரைதானே காரணம் என்று தோன்றத்தான் செய்யும். அந்தப் பத்து வருடமும் பாதி நாள் மாத்திரை போடாமல் விட்ட கதை யார் வாயிலும் வராது.

"நிறுத்த முடியாது" என்பதற்கும் பதில் சொல்கிறேன். நங்கூரம் போட்டதால் படகு நிற்கிறது. நிற்கிறதே என்று நங்கூரத்தை எடுத்தால் இழுத்துக்கொண்டு போகும். அளவு 140-க்கு 90-க்குக் கீழே வந்திருப்பது மாத்திரையால்தான். எடையும் உப்பும் நன்றாகக் குறைந்து, அழுத்தமும் தொடர்ந்து குறைந்திருந்தால் மருத்துவர் அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

"கடலுக்குப் போயிட்டு வந்தா உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும். கடையில ரெண்டு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்குவேன். தப்பா?"

சிறுநீரகத்துக்குப் பயப்பட வேண்டிய மாத்திரை இதுதான். பேர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் வரும் அந்தச் செட்டில் டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை இருக்கும், சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் என்றால் வேறு. வாரத்தில் நான்கு நாள் என்றால் வயிற்றில் புண், ஏறும் ரத்த அழுத்தம், தளரும் சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து வரும். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்த உடம்பில் போட்டால் கேடு இன்னும் அதிகம். தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் ஒதுங்க இடமில்லை என்றே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். திரும்பி வந்ததும் வலி மாத்திரை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

வலிக்குப் பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிசியோதெரபி நாளன்று சொல்லித்தரும் முழங்கால் பயிற்சி, இந்த வரிசையில் போங்கள். வலி மாத்திரை வேண்டியே இருந்தால் சீட்டில் எழுதி வாங்குங்கள். அப்போதுதான் என்ன சாப்பிட்டீர்கள் என்று பிறகு ஒருவர் பார்த்துச் சொல்ல முடியும்.

"வயசைக் குறைக்கிற மாத்திரையின்னு மகன் வெளிநாட்டுலேர்ந்து அனுப்புறான். ரத்தம் மாத்தி இளமை ஆகுறாகளாமே?"

அமெரிக்காவில் பிரையன் ஜான்சன் என்ற செல்வந்தர் 2023-ல் தன் பதினேழு வயது மகனின் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஏற்றிக்கொண்டார். பலன் எதுவும் தெரியவில்லை என்று அவரே சொல்லி நிறுத்திவிட்டார். இளைஞர்களின் பிளாஸ்மாவை இப்படி ஏற்ற வேண்டாம் என்று அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-லேயே எச்சரித்திருக்கிறது. ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளைக் கூட்டியது உண்மை. மனிதரின் ஆயுளைக் கூட்டியதாக இதுவரை எந்த மாத்திரைக்கும் நிரூபணம் இல்லை.

அந்தப் பணத்தில் மகன் ஒரு நல்ல ரத்த அழுத்தக் கருவி வாங்கி அனுப்பட்டும். இன்னொன்று, நல்லதுக்கு என்று தினம் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாரடைப்பே வராத, உடம்பு நன்றாக இருக்கும் முதியவர்களுக்கு அதனால் லாபம் இல்லை, ரத்தக்கசிவுதான் கூடுகிறது என்று 2018-ல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, மருத்துவர் எழுதிக் கொடுத்தவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது.

"அம்மாவுக்கு எழுபது. தினமும் நடக்குறாக. அது போதாதா?"

நடை நல்லதுதான், ஆனால் தசைக்கு அது போதாது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடிக்கு மேல் ஆனால் தொடையில் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பயிற்சியையே தினம் காலையும் மாலையும் பத்து தடவை செய்யட்டும். கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அதிலிருந்து எழாமலே போனவர்களை ஒவ்வொரு ஊரிலும் பார்த்திருக்கிறேன். குளியலறை ஈரம், ராத்திரி இருட்டு, புரை விழுந்த கண் மூன்றையும் சரி செய்யுங்கள். கண்புரை அறுவை அரசு மருத்துவமனையில் இலவசம்.

சாப்பாடும் பாருங்கள். மீன் பிடிக்கிற வீட்டிலேயே மீனைப் பேரப்பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, கஞ்சியும் துவையலுமாகச் சாப்பிடும் அப்பத்தாக்கள் நிறைய. வயதானவருக்குத்தான் புரதம் கூடுதலாக வேண்டும். எடை 50 கிலோ என்றால் நாளைக்கு 50 முதல் 60 கிராம். மீன், முட்டை, பயறு, மோர் எதையாவது ஒவ்வொரு வேளையிலும் அவர் தட்டில் முதலில் வையுங்கள்.

"வருஷா வருஷம் மதுரைக்குப் போயி முழு உடல் பரிசோதனை பண்ணிடுறோம். சரிதானே?"

வருடத்துக்கு ஒரு தடவை அறுபது பரிசோதனை எடுப்பதை விட, மாதத்துக்கு ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்ப்பது அதிக உயிரைக் காக்கும். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல். வண்டி வாடகை, ஒரு நாள் கூலி, பரிசோதனைப் பணம் எல்லாம் போட்டு வாங்கி வரும் அறிக்கைகளில் பாதி, நோயில்லாதவருக்குத் தேவையே இல்லாத சோதனை. எல்லைக்கு ஒரு புள்ளி தள்ளி வந்த எண்ணைப் பார்த்துப் பயந்து மறுபடி ஒரு பயணம் போவார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), கால் பாதத்தில் உணர்ச்சி, கண், பெண்களுக்கு மார்பகமும் கர்ப்பப்பை வாயும், புகைப்பவர்களுக்கும் வெற்றிலை புகையிலை போடுபவர்களுக்கும் வாய். இவ்வளவில் பெரும்பகுதி ஊர்ப் பக்கத்திலேயே முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வரவில்லை என்றால் துணை சுகாதார நிலையத்தில் பேர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் பேர், (புயலை வைத்துக் கணக்கிட்ட) வயது, நோய்கள், ஒத்துக்கொள்ளாத மருந்து. பிறகு தேதி போட்டு ஒவ்வொரு அளவும். போன மாதம் எடுத்த ஸ்கேன் எங்கே என்று தெரியாமல் மறுபடி எடுப்பதுதான் நம் வீடுகளில் அதிகம் வீணாகும் பணம்.

"நாலு டாக்டர், பதினாலு மாத்திரை. எதை விடலாம்?"

எதையும் நீங்களாக விட வேண்டாம். வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், லேகியம், பஸ்பம், வலி மாத்திரை, கண் சொட்டு மருந்து உட்பட ஒரு மஞ்சப்பையில் போட்டு, மேலே சொன்ன நோட்டோடு ஒரே மருத்துவரிடம் கொண்டு போங்கள். இரண்டு கம்பெனிப் பேரில் ஒரே மருந்து இருப்பதைப் பல பைகளில் கண்டிருக்கிறேன். எண்பதை நெருங்கும், உடம்பு தளர்ந்தவருக்குச் சர்க்கரை இளைஞரைப் போல இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 8-க்குக் கீழே இருந்தால் போதும் என்று மருத்துவர்கள் பலர் விடுவார்கள். அந்த வயதில் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதுதான் பெரிய ஆபத்து.

"வாப்பாவுக்கு இன்சுலின் போடுறோம். நோன்பு வைக்காம இருக்க மாட்டேங்குறாக."

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து ஒவ்வொரு வருடமும் வரும் கேள்வி. ரமலானுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை, இன்சுலின் நேரமும் அளவும் மாற வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், அண்மையில் சர்க்கரை தாழ்ந்து மயங்கியவர்கள் நோன்பு வைப்பது ஆபத்து. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. அதை நான் சொல்வதை விட, பள்ளிவாசல் இமாம் வீட்டுக்கு வந்து சொன்னால் வாப்பா கேட்பார். வைத்தே தீருவேன் என்றால் பகலில் விரலில் குத்திப் பாருங்கள், அதனால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர்கள் பலரும் சொல்கிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

"அப்பத்தா நேத்து வரைக்கும் நல்லா இருந்தாக. இன்னைக்கு என்னையவே யாருன்னு கேக்குறாக. வயசானா மறதி வரும்தானே?"

ஒரே நாளில் வருவது முதுமை மறதி இல்லை. மூத்திரத்தில் கிருமி, சோடியம் குறைவு, சர்க்கரை தாழ்வு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, இவற்றில் ஏதோ ஒன்றாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். மாதக்கணக்கில் மெல்ல வரும் மறதி வேறு. அதிலும் தைராய்டு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காது கேட்காததையும் மறதி என்று நினைத்துவிடுகிறோம். மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களை 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் குழு பட்டியலிட்டது. காது மந்தம், பார்வைக் குறைவு, தனிமை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதில் இருக்கின்றன.

"ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பக்கம் கை விழுந்துருச்சு. எங்க கொண்டுபோறது?"

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. மூளையின் ரத்தக்குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து வாடகைக் கார் பிடித்து நேராக மதுரைக்குக் கிளம்பினால் பாதி நேரத்துக்கு மேல் பாதையிலேயே போய்விடும். ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. எங்கே ஸ்கேனும் ஊசியும் அந்த நேரத்தில் உண்டு என்று 108-ல் வருபவரிடம் கேட்டு அங்கே போங்கள். கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். தண்ணீர், சோறு, ஆஸ்பிரின் எதுவும் வாயில் கொடுக்க வேண்டாம். புறா ரத்தம் தேய்க்கும் இடத்துக்கு முதலில் கொண்டுபோய்விட்டு மறுநாள் வந்தவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியாமல் போயிருக்கிறது.

நெஞ்சு வலி என்றால் கதை வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் டோஸ் மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள், 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம் அதற்குத்தான். அங்கே போட்டுக்கொண்டு மேலே போங்கள்.

"காப்பீட்டு அட்டை இருக்கு. எல்லாத்துக்கும் செல்லும்தானே?"

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்கும் மட்டும். மாதாந்தர மாத்திரைக்குச் செல்லாது. சேரும்போதே அட்டையைக் காட்டுங்கள்.

"அம்மாச்சிக்கு 95. ஐ.சி.யூ.வுல குழாய் மாட்டி வச்சிருக்காக. எடுக்கச் சொன்னா பாவமில்லையா? வச்சா நகையும் படகும் போயிடும்."

இதைக் கேட்டவர் அழுதுகொண்டே கேட்டார். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: அம்மாச்சி என்றைக்காவது தன் கடைசிக் காலத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா? குணமாகி வீடு திரும்ப வாய்ப்பு எவ்வளவு, திரும்பினால் எந்த நிலையில் இருப்பார் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். வாய்ப்பு உண்டு என்றால் 95 என்பதற்காக விட வேண்டாம். இல்லை என்றால், வலியில்லாமல் வீட்டில் வைத்துப் பார்ப்பதும் சிகிச்சைதான். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். மேலே சொன்ன மக்களைத் தேடி மருத்துவத்தில் அதுவும் சேர்ந்ததுதான்.

இன்னும் நினைவோடு இருக்கும் பெரியவர்களிடம் இதை இப்போதே பேசுங்கள். குணமாக வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது. 2023-ல் முறையையும் எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ கையெழுத்து வாங்கினால் போதும். ஒரு பிரதியை அந்த நாற்பது பக்க நோட்டின் முதல் பக்கத்திலேயே செருகி வையுங்கள், ராத்திரி ரெண்டு மணிக்குத் தேட வேண்டியிருக்காது.